கீறலும் செராமிக் கோட்டிங்கும்: கோலாலம்பூரில் கார் வைத்திருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய பெரோடுவா மைவிக்கோ புரோட்டான் எக்ஸ்50க்கோ முன்பணம் கட்டியவரிடம், சாவி கைக்கு வருவதற்கு முன்பே செராமிக் கோட்டிங் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. சில நூறு ரிங்கிட்டில் தொடங்கிச் சில ஆயிரம் ரிங்கிட் வரை செல்லும் இந்தப் பூச்சைப் பூசித் தரும் கடைகள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் உள்ளன. பூசிவிட்டால் காரில் கீறலே விழாது என்று சொல்லப்படுவதை நம்பிப் பணம் கட்டுவோர் பலர். செராமிக் கோட்டிங் ஏற்கனவே உள்ள கீறலை அழிப்பதில்லை. இனி விழவிருக்கும் கீறல்களில் மிக மெல்லியவற்றைத் தவிர மற்றவற்றைத் தடுப்பதுமில்லை. நீரை வழிந்தோடச் செய்வதும், அழுக்கு இறுகப் பற்றாமல் பார்த்துக்கொள்வதும், மெழுகைவிட நெடுங்காலம் பளபளப்பை நிறுத்தி வைப்பதுமே அதன் வேலை. கீறலைப் போக்குவது பூச்சுக்கு முன் நடக்கும் பாலிஷ். கீறலைத் தவிர்ப்பது பூச்சுக்குப் பின் காரைக் கழுவும் முறை. இவ்விரண்டையும் விளங்கிக்கொண்டவர் கோட்டிங்கைப் பற்றித் தாமே முடிவு செய்யலாம்.

சாயத்தின் அடுக்குகள்

இன்றைய கார்களின் உலோகத் தகட்டின் மேல் முதலில் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர் கோட் என நான்கு அடுக்குகள் உள்ளன. தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் இவை அனைத்தும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால், நாம் பளபளப்பாகக் காணும் அடுக்கு முடியைவிட மெல்லியது. பாலிஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த அடுக்கிலிருந்து ஓரளவு தேய்த்தெடுக்கப்படுகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. இதன்மேல் பூசப்படும் செராமிக் அடுக்கோ பொதுவாக ஒன்றிரண்டு மைக்ரான்தான்.

9எச் என்ற எண்

விளம்பரங்களில் காணப்படும் 9எச் கடினம் என்ற சொல் பலரைக் குழப்பியிருக்கிறது. 1812ஆம் ஆண்டு ஃபிரீட்ரிக் மோஸ் வகுத்த கனிமக் கடின அளவுகோலில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9. மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் வகைகளே. 9எச் கோட்டிங் என்றதும் கார் மாணிக்கம்போல் கடினமாகிவிடும் என்று எண்ணுவோர் இந்த அளவுகோலை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பென்சில் சோதனையின் எண். வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை 45 பாகை சாய்வில், 750 கிராம் எடையின் அழுத்தத்தில் பூச்சின்மேல் தள்ளி, எந்தப் பென்சில் தடம் பதிக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த வரிசையின் மிகக் கடினமான பென்சில் 9எச்.

பென்சிலின் கரிக்கூர் கீறவில்லை என்பதால் மணல் கீறாது என்று பொருளாகாது. மோஸ் அளவில் சன்னல் கண்ணாடி 5.5 அளவிலும், சாலைத் தூசியில் கலந்துள்ள குவார்ட்சு மணல் 7இலும் நிற்கின்றன. கண்ணாடியையே கீறும் மணல்மணியை ஒரு துணியில் வைத்துத் தேய்த்தால், ஒரு மைக்ரான் செராமிக் அடுக்கையும் அதன் அடியிலுள்ள கிளியர் கோட்டையும் சேர்த்தே அது கீறும். கடைக்காரர் தகரத்துண்டில் தீப்பெட்டியையோ சாவியையோ உரசிக் காட்டும் காட்சியை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்ப்பது நல்லது.

முதற்படி: கீறலை இனம்காணுதல்

காரை நன்றாகக் கழுவி உலர்த்தி, நிழலில் நிறுத்தி, வெள்ளொளி எல்இடி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்டவட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகள் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. கறுப்புக் காரில் இவை உடனே கண்ணில் படும். வெள்ளைக் காரில் இவை இருந்தாலும் எளிதில் தெரியாது. வட்டத்துக்கு அப்பால் தனித்து நீளும் கோடு இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் அக்கோட்டின்மேல் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். நனைந்தவுடன் கோடு மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றினால், கீறல் பெரும்பாலும் கிளியர் கோட்டுக்குள் நிற்கிறது. அடுத்து, நகத்தைக் குறுக்காக மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தடையின்றிச் செல்லுமாயின் பாலிஷில் போய்விடும் வாய்ப்பு அதிகம். நகம் மாட்டினால், முழுவதும் போக்கும் அளவுக்குத் தேய்ப்பது கிளியர் கோட்டையே தின்றுவிடும். விளிம்புகளை மட்டும் மழுக்கி, தூரத்திலிருந்து தெரியாத அளவுக்குக் குறைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. கீறலின் அடியில் சாம்பல் அல்லது வெள்ளை நிறம் தெரிந்தால் பிரைமர் வரை சென்றுவிட்டது என்று பொருள். உலோகம் மின்னுமானால், இங்குள்ள மழையிலும் ஈரக்காற்றிலும் துரு தொடங்க அதிக நாள் ஆகாது. இவ்விரண்டுக்கும் தேவை சாயம். பாலிஷும் கோட்டிங்கும் இங்கே பயன்படா. காரின் சாயக் குறியீட்டைக் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள பட்டையில் பார்த்து, அதே நிறத்தின் டச்சப் சாயத்தை வாங்கி, கீறலுக்குள் மட்டும் மெல்லிய தூரிகையால் பல முறை சிறிது சிறிதாக வைத்து உலரவிட வேண்டும். நீளமான கீறலாயின் அந்தப் பாகத்தை மட்டும் ஸ்பிரே செய்வது தீர்வு. ஸ்பிரே செய்த பாகத்தில், சாயம் முழுமையாக இறுகும் வரை, அதாவது சாயத் தயாரிப்பாளர் சொல்லும் காலம் வரை, கோட்டிங் பூசக் கூடாது. சில வாரங்கள் காத்திருப்பது வழக்கம்.

மங்கலான மேட் சாயம் பூசிய காரில் பாலிஷ் என்ற பேச்சே எழக்கூடாது. தேய்த்த இடம் பளபளத்து, திரும்பவும் மங்கலாக்க முடியாத திட்டாகிவிடும்.

இரண்டாம் படி: அழுக்கை வெளியேற்றுதல்

கழுவிய பின்னும் சாயத்தைக் கைவிரலால் தடவினால் சொரசொரப்பாக இருப்பது வழக்கம். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளங்களிலிருந்தும் பறந்து வரும் இரும்புத் துகள்கள் சாயத்தில் குத்தி நின்று துருப்பிடிக்கின்றன. எல்ஆர்டி அல்லது கேடிஎம் ரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடிகளில் நிறுத்தப்படும் கார்களில் இதை அதிகம் காணலாம். இரும்பு நீக்கியைத் தெளித்தால் துகள்கள் இருக்கும் இடத்தில் திரவம் ஊதா நிறமாக மாறி வழியும். வெயிலில் இதைச் செய்யவோ, திரவத்தை உலர விடவோ கூடாது; சில நிமிடங்களில் நீரால் அலசிவிட வேண்டும். தார்ப் புள்ளிகளுக்குத் தார் நீக்கி தனியாக உண்டு. கட்டுமான வேலை நடக்கும் பகுதிகளில் படியும் சிமெண்டுத் தூசி மழையில் நனைந்து இறுகிவிடும் என்பதால், இறுகுமுன்பே நிறைய நீரால் அலசிவிட வேண்டும், சுரண்டக் கூடாது.

இவற்றுக்குப் பின்னும் எஞ்சுவதை, கார் சாயத்துக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) எடுக்க வேண்டும். சோப்பு நீரை நிறையத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் வழுக்கிச் செல்லும்படி இழுத்தால் போதும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் எறிந்துவிடுங்கள். களிமண் தானே சில மெல்லிய கோடுகளைப் போடும். எனவே அடுத்து பாலிஷ் செய்யப்போவதில்லை என்றால் இதைத் தேவையான இடத்தில் மட்டும் பயன்படுத்தலாம்.

மூன்றாம் படி: அளந்து பார்த்துப் பாலிஷ் செய்தல்

செலவும் திறமையும் குவியும் இடம் இதுவே. ஒரு கடையின் தரத்தை அதன் கோட்டிங் பாட்டிலின் பெயரைவிட இந்தப் படியே காட்டும்.

சாயத்தின் தடிமனை அளக்கும் கருவி எஃகுத் தகட்டில் காந்தத் தூண்டலாலும், அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தாலும் இயங்குகிறது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி எதையும் காட்டாது. ஒவ்வொரு பாகத்திலும் பல இடங்களில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மற்ற பாகங்கள் 110 என்று காட்டும்போது ஒரு கதவு மட்டும் 250 என்று காட்டினால் அது மறுபடி சாயம் அடிக்கப்பட்டது. ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் புட்டி இருக்கிறது. பழைய கார் வாங்குவோர் இந்த அளவைக் கோட்டிங்குக்காக மட்டுமின்றி, விலை பேசுவதற்கும் பயன்படுத்தலாம். எண் 80 அல்லது 90க்குக் கீழே இறங்கியிருந்தால், முன்னரே யாரோ நிறையத் தேய்த்திருக்கலாம் என்று கருதி மிக மென்மையான பாலிஷோடு நின்றுவிட வேண்டும். பாகங்களின் ஓரங்களிலும், தகடு மடிந்து செல்லும் கோடுகளிலும் சாயம் மெல்லியதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டி மறைத்துவிடுவது வழக்கம்.

அதன்பின் பானட்டில் அரை மீட்டர் சதுரத்தைத் தேர்ந்து சோதனைத் திட்டு போட வேண்டும். மென்மையான நுரைப் பஞ்சும் மெல்லிய பாலிஷும் முதலில். போதவில்லையெனில் மைக்ரோஃபைபர் பஞ்சும், பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் நடுத்தரக் காம்பவுண்டும். அதுவும் போதாவிட்டால்தான் கம்பளிப் பஞ்சு. இந்த வரிசையை மாற்றி, வேலை விரைவில் முடியட்டும் என்று கம்பளியிலிருந்து தொடங்கும் கடைகள் உண்டு. அவை திருப்பித் தரும் கார் அன்று மாலை கண்ணாடிபோல் இருக்கும். மறுநாள் வெயிலில் பார்த்தால் இயந்திரம் சுழன்ற தடங்கள் மிதக்கும்.

வீட்டில் தாமே செய்ய விரும்புவோர் ரோட்டரி இயந்திரத்தைத் தவிர்த்து, தட்டு சுழன்றுகொண்டே அலையும் டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தை எடுக்கலாம். அது ஓரிடத்தில் வெப்பத்தைக் குவிக்காததால் சாயத்தை எரித்துவிடும் ஆபத்து மிகவும் குறைவு. பஞ்சில் நான்கைந்து சிறு துளி பாலிஷ் வைத்து, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, முந்தைய தடத்தில் பாதியைத் தொடும்படி குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நகர்த்த வேண்டும். தட்டின் சுழற்சி நிற்காத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பஞ்சைத் தூரிகையால் சுத்தம் செய்யாவிட்டால், தேய்த்தெடுத்த சாயமே அடுத்த பகுதியில் கீறலாகத் திரும்பும். நண்பகல் வெயிலில் கறுப்புக் காரின் பானட் 60 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் பாலிஷ் பரப்பியவுடன் உலர்ந்து பிசினாகிவிடும் என்பதால், இரவு அல்லது விடிகாலையில், கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும்.

நான்காம் படி: பூசுதல்

பாலிஷில் உள்ள எண்ணெய், மெல்லிய கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். சில கடைகளில் ஒரு மணி நேரத்தில் எல்லாக் கீறலும் போய்விட்டது போல் தோன்றுவதற்கு இதுவே காரணம். சில வாரக் கழுவலில் எண்ணெய் வெளியேறியதும் கீறல் திரும்பி வரும். எனவே ஐசோபுரோபைல் ஆல்கஹால் கரைசலால் ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, விளக்கொளியில் மீண்டும் பார்க்க வேண்டும். இந்த நிலையில் தெரியும் கீறல், பூசிய பின் பூச்சின் அடியில் அப்படியே தங்கிவிடும். பிறகு அதைப் போக்க வேண்டுமானால் பூச்சையும் சேர்த்துத் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும். காரைக் கடையில் விடுபவர், இந்தத் துடைப்புக்குப் பின்னும் பூச்சுக்கு முன்னும் ஒரு முறை நேரில் வந்து பார்க்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நேர்மையான கடை அதற்கு முகம் சுளிக்காது.

சிலிக்கா அல்லது சிலாக்சேன், பாலிசிலசேன் போன்ற வேதிப்பொருள் கரைப்பானில் கலந்திருப்பதே பாட்டிலில் உள்ள திரவம். கரைப்பான் ஆவியானதும், எஞ்சியது காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகுகிறது. கோலாலம்பூரின் ஈரக்காற்றிலும் சூட்டிலும் இது விரைவாக நடப்பதால், குளிர்நாட்டுக் காணொளிகளில் சொல்லப்படும் காத்திருப்பு நேரம் இங்கே பொருந்தாது. சிறு துணி சுற்றிய கட்டையில் சில துளி விட்டு, அரை மீட்டர் சதுரத்துக்கு மேல் போகாமல் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, வானவில் நிறம் தோன்றித் திரவம் சிறு முத்துகளாகத் திரளத் தொடங்கியதும் குட்டை இழை மைக்ரோஃபைபரால் துடைத்து, இரண்டாவது துணியால் சமப்படுத்த வேண்டும். துடைக்காமல் விட்ட மிச்சம் கருந்திட்டாக இறுகிவிடும். சற்று நேரத்துக்குள் கண்டுபிடித்தால் அதே திரவத்தைச் சிறிது தடவி இளக்கித் துடைக்கலாம், மறுநாள் கண்டால் பாலிஷ்தான் வழி. பயன்படுத்திய துணிகள் உலர்ந்ததும் கண்ணாடித் தூள்போல் கடினமாகிவிடுவதால், அவற்றைத் துவைத்துத் திரும்பவும் காரில் பயன்படுத்தக் கூடாது.

முதல் நாள் மழை படாமல் நிறுத்துவதும், ஏறத்தாழ ஒரு வாரம் சோப்பு படாமல் வைப்பதும் பொதுவான விதி. மாலை தவறாமல் இடிமழை பெய்யும் மாதங்களில் கூரையில்லாத வீட்டுக்காரர், காரை ஓரிரு நாள் கடையிலேயே விட்டுவைக்க ஏற்பாடு செய்து கொள்ளலாம்.

வண்டி பூசையும் கோட்டிங்கும்

நம்மவர்கள் புதிய காரை நேரே கோயிலுக்கு ஓட்டிச் செல்வது இயல்பு; ஆனால் ஷோரூமிலேயே கோட்டிங் முடித்து, அன்று மாலையே பூசைக்கு நிறுத்தினால், இன்னும் இறுகாத பூச்சின்மேல் சந்தனமும் குங்குமமும் ஒரு இரவு முழுவதும் உலர்ந்து கிடக்கும். மஞ்சளோடு சுண்ணாம்போ செயற்கை நிறமோ சேர்ந்த குங்குமம் வெளிர்நிறக் காரில் கறையாகலாம். திருநீறு நுண்ணிய சாம்பல். அதை உலர்ந்த துணியால் துடைப்பவர் தம் கையாலேயே முதற்கீறலைப் போடுகிறார். பூசையை முதலில் முடித்து, காரைக் கழுவி, பிறகு கடைக்கு அனுப்புவதே முறை. ஏற்கனவே பூசியாகிவிட்டதென்றால், பொட்டுகளை முன்கண்ணாடியிலும் எண் தகட்டிலும் வைக்கும்படி குருக்களிடம் சொன்னால் அவர் மறுக்கப்போவதில்லை. மாலையைக் கட்டும் கம்பியும், அதில் செருகிய ஊசியும் சாயத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சையின் சாறு பக்கத் தகட்டில் தெறித்திருந்தால் அன்றே நீரூற்றிக் கழுவிவிடலாம்.

ஐந்தாம் படி: கழுவும் முறை

பெட்ரோல் நிலையங்களில் சுழலும் தூரிகை இயந்திரங்களும், முந்தைய காரின் மணல் ஒட்டிய கடற்பஞ்சால் தேய்க்கும் கார் வாஷ்களும், ஐந்தாண்டு உத்தரவாதம் பெற்ற கோட்டிங்கையும் சில மாதங்களில் சிலந்தி வலையாக்கிவிடும். ஸ்நோ வாஷ் நுரை பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும், அதன்பின் எந்தத் துணியால் தேய்க்கிறார்கள் என்பதே கேள்வி.

வீட்டில் குழாய் வசதி உள்ளவர் முதலில் நீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட்டு, சோப்புக்கு ஒரு வாளியும் அலசலுக்கு ஒரு வாளியும் வைத்து, மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி, நேர்க்கோட்டில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்குப் பின்னும் கையுறையை அலசல் வாளியில் அலச வேண்டும். கதவின் கீழ்ப்பகுதியும் பின்பம்பரும் கடைசியில். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம்; கார அமிலச் சமநிலையுள்ள கார் ஷாம்பூ போதும்.

கொண்டோமினியத்தில் வசிப்பவருக்கு இந்த வசதி கிடையாது. கார் நிறுத்துமிடத்தில் நீர் ஊற்ற நிர்வாகம் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. அவர்களுக்கு, பிறகு நீரால் அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் என்னும் திரவம் நல்ல வழி. ஒரு வாளி நீரில் பாட்டிலில் குறித்த அளவு கலந்து, பல மைக்ரோஃபைபர் துணிகளை அதில் ஊறவைத்து, ஒரு பாகத்துக்கு ஒரு பக்கம் என்று திருப்பித் திருப்பித் துடைத்து, அழுக்கான துணியை மீண்டும் வாளிக்குள் போடாமல் ஒதுக்கிவிட வேண்டும். குழாயில் நீர் நின்றுபோகும் நாள்களிலும் இது கைகொடுக்கும். சேறு அப்பிய காருக்கு மட்டும் இது ஏற்றதன்று.

இறகுத் துடைப்பத்தால் காலையில் தூசி தட்டும் பழக்கத்தை முற்றாக விட்டுவிடுங்கள். புகைமூட்டக் காலத்தில் படியும் சாம்பலுக்கும் இது பொருந்தும். மைனாவின் எச்சம் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே சாயத்தில் தடம் பதிக்கும். கோட்டிங் அந்த நேரத்தைச் சற்று நீட்டித்துத் தருமே தவிர, விலக்கு அளிக்காது. அதேபோல், முத்து முத்தாக நிற்கும் மழைநீர் வெயிலில் உலர்ந்தால் தாதுப்புள்ளிகள் நிற்கும். கோட்டிங் பூசிய காரில் இவை சில வேளைகளில் அதிகமாகவே தெரியும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

எது யாருக்கு

தீபாவளிக்கு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ பிளஸ் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் அடிக்கடி ஓட்டுபவருக்கு உண்மையான எதிரி கல்தெறிப்பு. அதைத் தடுப்பது 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பிபிஎஃப் என்னும் பாலியூரித்தேன் படலம். அதன் மேல்விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தாமே மூடிக்கொள்ளும். முழுக் காருக்கும் அதை ஒட்டினால் செலவு கோட்டிங்கைப் போலப் பல மடங்காகும். முன்பம்பர், பானட், பக்கக் கண்ணாடிகள், கதவுப்பிடிக் குழிகள் ஆகியவற்றுக்கு மட்டும் படலமும், மற்ற பாகங்களுக்குக் கோட்டிங்கும் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. பத்தாண்டு கடந்த, இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்கவிருக்கும் காருக்கு ஒரு நல்ல பாலிஷும், சில மாதங்களுக்கு ஒரு முறை தெளிக்கும் சீலன்ட் என்னும் பாதுகாப்புத் திரவமும் போதும்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, பாலிஷுக்கு எத்தனை மணி நேரம், தடிமனை அளந்து எழுதித் தருவீர்களா, உத்தரவாதம் எவற்றை உள்ளடக்கும் என்று கேளுங்கள். உத்தரவாதத் தாளை வாசித்தால், கீறல், கல்தெறிப்பு, நீர்ப்புள்ளி ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் கட்டணப் பராமரிப்புக்கு வராவிட்டால் அது செல்லாது என்ற வரியும் இருக்கும். காலையில் விட்டு மதியம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இடத்தில் பாலிஷ் நடக்கவில்லை.

கோட்டிங்குக்குப் பின் கீறல் விழுந்தால்

முழுக் காரையும் திரும்பப் பூச வேண்டியதில்லை. நீர்ச் சோதனையையும் நகச் சோதனையையும் செய்து, கீறல் மெல்லியது என்று தெரிந்தால், அந்தப் பாகத்தை மட்டும் இரும்பு நீக்கியால் சுத்தம் செய்து, மெல்லிய பாலிஷால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, அதே வகைத் திரவத்தை அந்தப் பாகம் முழுவதற்கும் பூசலாம். கீறிய இடத்தில் மட்டும் திட்டாகப் பூசினால் எல்லைக்கோடு தெரியும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் தடிமனை அளந்து, முதல்முறை எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நீர் முன்போல் வழியவில்லை என்பதற்காக மட்டும் இவ்வேலையில் இறங்க வேண்டாம். பல வேளைகளில் பூச்சின்மேல் படிந்த அழுக்கே காரணமாக இருக்கும், இரும்பு நீக்கியும் நல்ல கழுவலும் அதைச் சரிசெய்துவிடும்.